கேள்வி கஷ்டமா இருந்துச்சா, இல்ல தப்பா இருந்துச்சா? ஒரு சமூக அறிவியல் டீச்சரோட லெட்டருக்கு பதில்

லெட்டர் நாலு பக்கம் வந்திருக்கு. பேரு, ஊரு, ஸ்கூலு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். எழுதினவங்க காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில சமூக அறிவியல் டீச்சர், வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகுது. பக்கத்துப் பக்கத்துல இருக்குற நாலு ஸ்கூல் சேர்ந்து பத்தாவதுக்கு ஒரு மாதிரித் தேர்வு வச்சிருக்காங்க, சமூக அறிவியல் தாள் போடுற பொறுப்பு இவங்க தலையில வந்திருக்கு. பப்ளிக் எக்ஸாம் மாதிரியே 100 மார்க், 3 மணி நேரம். பசங்க புக் பேக் கேள்வியை, அதான் பாடத்து முடிவுல இருக்குற கேள்வியை மட்டும் உருப்போடுறாங்களே, யோசிக்கவும் வைக்கணுமேன்னு நல்ல எண்ணத்துல மேட்டூர் அணை நீர்மட்ட வரைபடம் (கிராஃப்), தாளடி சாகுபடி (குறுவை அறுத்த வயல்ல திரும்ப நடுற நெல்லு), வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம்னு நம்ம மண்ணுலேந்தே கேள்வி எடுத்துப் போட்டிருக்காங்க. ரிசல்ட் வந்தா நாலு ஸ்கூல்லயும் சேர்த்து 214 பேர்ல 61 பேர் பெயில். இவங்க ஸ்கூல்ல மட்டும் 58 பேர்ல 9 பேருதான் பெயில்.

அதுலேந்து பிரச்சினை. டவுன் ஸ்கூல் சார் ஒருத்தர் "உங்க பசங்களுக்குத் தோதா தாள் போட்டுட்டீங்க"ன்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டிருக்காரு. ஹெச்எம் "இனிமே புக் பேக்கைத் தாண்டி ஒரு கேள்வியும் போடக்கூடாது, மேல கம்ப்ளைன்ட் போனா மெமோ வரும்"னு சொல்லிட்டாரு. பார்வை குறைவா இருக்குற ஒரு பொண்ணோட அம்மா, மேப் கேள்வியில 8 மார்க் அப்படியே போச்சுன்னு வந்து அழுதிருக்காங்க. டீச்சர் என்கிட்ட கேக்குறது மூணு. புஸ்தகத்துக்கு வெளியில கேட்டது தப்பா? எல்லாருக்கும் ஒரு 10 மார்க் கிரேஸ் போட்டு விஷயத்தை முடிச்சிரலாமா? மெமோ வந்தா என்ன ஆகும்?

லெட்டர்ல போற போக்குல ரெண்டு விஷயம் எழுதியிருக்காங்க, எனக்கு அந்த ரெண்டும்தான் முக்கியமாப் பட்டுச்சு. ஒண்ணு, "பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடி என் கிளாஸ்ல இதே மாதிரி ஒரு வரைபடம் போட்டுக் காமிச்சேன், அது என் கற்பித்தல், அதுல என்ன தப்பு"ன்னு ஒரு வரி. இன்னொண்ணு, உங்க வயல்ல நடவு தாமதமானா என்ன செய்வீங்கன்னு கேட்ட 28ம் கேள்விக்கு ஒரு பையன் "எங்களுக்கு வயல் இல்லை டீச்சர்"னு மட்டும் எழுதிட்டுப் போயிட்டான், கீ ஆன்சர்படி சைபர் போட்டுட்டேன், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலைன்னு ஒரு வரி.

டீச்சர், வணக்கம்மா. நான் முப்பது வருஷத்துக்கு மேல இதே பாடம் எடுத்தவன், ஆசிரியர் பயிற்சியில கேள்வித்தாள் தயாரிக்கிற வகுப்பும் நடத்தினவன். அந்த உரிமையில கொஞ்சம் நேராவே பேசுறேன், மனசுல வச்சுக்காதீங்க.

முதல்ல உங்க முதல் கேள்வி. புஸ்தகத்துக்கு வெளியில கேட்டது தப்பே இல்லை. ஹெச்எம் சொல்ற மாதிரி புக் பேக் மட்டும் கேட்டா பாடத்தைத் திறந்தே பாக்காத பிள்ளையும் கைடைப் பாத்து எழுதிட்டுப் போயிடும், பப்ளிக்ல ஒரு கேள்வி உள்ளேந்து வந்தா முழிக்கும். ஆனா அவரு பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு, மெல்லக் கத்துக்குற பிள்ளைங்க 35ஐத் தொடணும், அதுக்கு வழி தாள்ல இருக்கணும். நான் தாள் போடுறப்ப வச்சிருந்த கணக்கு, படிச்சதை அப்படியே எழுதி வாங்குற மாதிரி ஒரு 40 மார்க், புரிஞ்சிருந்தா எழுதுற மாதிரி 40, புதுசா ஒரு சூழ்நிலையைக் குடுத்து யோசிக்க வைக்கிறது 20. இது சட்டம் இல்லை, என் அனுபவம். உங்க தாளை நான் எண்ணிப் பாத்தேன், யோசிக்கிற கேள்வி 31 மார்க்குக்கு இருக்கு, அதுலயும் ரெண்டு, கட்டாயக் கேள்வியில போய் உக்காந்திருக்கு.

இதைக் கொஞ்சம் கவனிங்க. நம்ம பத்தாவது பேட்டர்ன்ல ஒரு மார்க் 14, ரெண்டு மார்க் 14ல 10, அஞ்சு மார்க் 14ல 10, எட்டு மார்க் ரெண்டு. 28ம் கேள்வியும் 42ம் கேள்வியும் கட்டாயம். பிள்ளைக்கு சாய்ஸ்னு ஒரு கதவு இருக்குற எடத்துல எவ்வளவு புதுமையும் செய்யலாம், கதவு இல்லாத எடத்துல செய்யும்போது பத்து தடவை யோசிக்கணும். நீங்க பரிசோதனையை அங்கதான் செஞ்சிருக்கீங்க.

ஆனா நான் சொல்ல வந்தது கஷ்டம் லேசுன்னு இல்லை. கஷ்டமான கேள்வி நியாயமா இருக்கலாம், லேசான கேள்வி அநியாயமா இருக்கலாம். அந்தக் கேள்விக்கு வேண்டிய சாமானை எல்லாப் பிள்ளைக்கும் புஸ்தகமோ கேள்வித்தாளோ குடுத்திருக்கான்னு மட்டும் பாருங்க. குடுத்திருந்தா எவ்வளவு யோசிக்க வச்சாலும் நியாயம். ஒருத்தன் வீட்டுலேந்து எடுத்துட்டு வரணும், இன்னொருத்தன் வீட்டுல அது இல்லைன்னா, அங்க நாம சோதிக்கிறது பாடத்தை இல்லை, வீட்டை. தலைமடைக்கு வந்த தண்ணி கடைமடைக்கு வரலைன்னா கடைமடைக்காரனுக்கு விவசாயம் தெரியலைன்னு சொல்வோமா?

28ம் கேள்வி: "உங்கள் வயலில் தாளடி நடவு தாமதமானால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

அந்தப் பையன் எழுதினது வீம்பு இல்லை டீச்சர், உண்மை. உங்க வகுப்புல எத்தனை பிள்ளை கூலி வேலைக்குப் போற வீட்டுலேந்து வருது, எத்தனை பிள்ளை கடலுக்குப் போற வீட்டுலேந்து வருதுன்னு உங்களுக்கே தெரியும். "உங்கள் வயல்"னு எழுதின அந்த ஒரு வார்த்தையில வேலிக் கணக்குல நெலம் வச்சிருக்குற வீட்டுப் பிள்ளையும் அரை மா கூட இல்லாத வீட்டுப் பிள்ளையும் ரெண்டாப் பிரிஞ்சுட்டாங்க. டவுன் ஸ்கூல்ல பஸ் கண்டக்டர் பொண்ணுக்கு தாளடின்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது, அது அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை, ஏன்னா புஸ்தகத்துல நம்ம மாநிலத்து நெல் பருவம்னு சொர்ணவாரி, சம்பா, நவரைன்னுதான் இருக்கு. நாம இங்க பேசுறது குறுவை, சம்பா, தாளடி. புஸ்தகத்தை ஒழுங்காப் படிச்ச பிள்ளை தாளடியைப் பாத்து முழிக்கும், வயல்ல நின்ன பிள்ளை இன்னொரு தாள்ல சொர்ணவாரியைப் பாத்து முழிக்கும். எந்தப் பேரைப் போட்டாலும் கேள்வியிலயே ரெண்டு வரி விளக்கம் குடுத்துருங்க.

இதுல நானும் ஒரு பாவம் செஞ்சிருக்கேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி கார்த்திகையில நமக்கு மழை குடுக்குற காத்து எதுன்னு கேட்டேன். கடற்கரை ஊருப் பையன் ஒருத்தன் "வாடைக்காத்து"ன்னு எழுதினான். கீ ஆன்சர்ல வடகிழக்குப் பருவக்காற்று. சிவப்பு மையில அடிச்சிட்டேன். அந்தக் காத்தோட பொறந்து வளந்த பிள்ளை அவன், அப்பா அந்தக் காத்தைப் பாத்துத்தான் கடலுக்குப் போவாரு. அப்புறம் புரிஞ்சப்ப அவன் ஸ்கூலை விட்டே போயிட்டான். கீ ஆன்சர் எழுதும்போது "இதே பொருள் தர்ற வேற சொல்லு வந்தா மார்க் உண்டு"ன்னு அந்தச் சொல்லுகளையும் சேத்து எழுதுறதை அன்னிலேந்து நான் விட்டதில்லை.

இந்தக் கேள்வியை எப்படி மாத்தலாம்? "ஒரு ஊர்ல ஜூன் 12ல வர வேண்டிய தண்ணி ஆகஸ்ட்லதான் வந்தது. நெலம் வச்சிருப்பவர் ஒருவர், நடவுக் கூலிக்குப் போறவர் ஒருவர். ரெண்டு பேருக்கும் என்ன பாதிப்பு, ஒவ்வொண்ணு எழுது." அவ்வளவுதான். டவுன் பிள்ளையும் எழுதும், கடற்கரைப் பிள்ளையும் எழுதும்.

42ம் கேள்வி: மேட்டூர் வரைபடம்

இதுல ரெண்டு சிக்கல். சின்னதை முதல்ல சொல்லிடுறேன். நீர்மட்டத்தை அடிக் கணக்குல வரைஞ்சு குடுத்துட்டு "அணையில் பாதி நீர் மட்டுமே இருந்த மாதம் எது"ன்னு கேட்டிருக்கீங்க, கீ ஆன்சர்ல 60 அடி இருந்த மாசம். மேட்டூர் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி), அதுல சந்தேகம் இல்லை. ஆனா 60 அடி நின்னா பாதித் தண்ணி இல்லை டீச்சர், பாதிக்கு ரொம்பக் கம்மி. அணை கீழ குறுகி மேல போகப் போக அகலமாகுது, அதனால மேல் அடிகள்லதான் தண்ணி நெறைய நிக்கும். பேப்பர்ல தினம் நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சின்னு தனித்தனியாப் போடுறது அதுக்குத்தான். தினம் அதைப் படிக்கிற ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை "இதை வச்சு சொல்ல முடியாது"ன்னு எழுதியிருந்தா அதுதான் சரியான விடை, உங்க கீ ஆன்சர் அதைத் தப்புன்னு அடிச்சிருக்கும். எல்லா ஸ்கூல் பேப்பரையும் ஒரு தடவை புரட்டிப் பாத்துருங்க, அப்படி யாராவது எழுதியிருக்காங்களான்னு.

பெரிய சிக்கல் நீங்க ஒரு வரியில தாண்டிப் போனது. ஒரு வாரம் முன்னாடி உங்க கிளாஸ்ல அதே மாதிரி வரைபடம். நீங்க கேள்வியை லீக் பண்ணீங்கன்னு நான் சொல்லவே இல்லை, உங்க லெட்டரைப் படிச்சவன் யாரும் அப்படி நினைக்க மாட்டான். தாள் போடுறவங்க மனசுல கேள்வி ஓடிக்கிட்டே இருக்கும், கிளாஸ் எடுக்கும்போது அது தானா வாயில வந்துரும், எனக்கும் வந்திருக்கு. ஆனா உங்க 58 பேரு அந்த வரைபடத்தை ரெண்டாவது தடவை பாத்தாங்க, மத்த 156 பேரு முதல் தடவை பாத்தாங்க. "எங்க பசங்க கடைமடைப் பசங்க, யோசிக்கத் தெரிஞ்சவங்க, அவங்க மனப்பாடம்"னு நீங்க எழுதியிருக்குறது அதனாலதான் எனக்கு வருத்தமா இருந்துச்சு. அந்த டவுன் சார் பேசின விதம் சரியில்லாம இருக்கலாம், அவரு சொன்ன விஷயம் சரி. அவரைப் பாத்து நீங்களே அதைச் சொல்லிடுங்க. நாலு ஸ்கூல் சேர்ந்து நடத்துற தேர்வுல இனிமே தாள் போடுறவங்க வேற, அதைச் சரிபாக்குறவங்க வேறன்னு இருக்கட்டும், முடிஞ்சா ஒரு பாடத்தை ரெண்டு ஸ்கூல் டீச்சர் பாதிப் பாதியாப் போடுங்க.

9ம் கேள்வியும், ரெண்டு மீடியமும்

"வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் தொடர்பற்றவர் அல்லாதவர் யார்?" இதை நானே மூணு தடவை படிச்சேன். ராஜாஜின்னு தெரிஞ்ச பிள்ளைக்கும் எதைக் கேக்குறாங்கன்னு தெரியாது. எந்தக் கேள்விக்கு எத்தனை பேரு சரின்னு நீங்க அனுப்பின டேலியிலயே விடை இருக்கு பாருங்க, உங்க ஸ்கூல்ல மேல இருக்குற 15 பேர்ல 6 பேரு சரி, கீழ இருக்குற 15 பேர்ல 7 பேரு சரி. நல்லாப் படிக்கிற பிள்ளையும் படிக்காத பிள்ளையும் ஒரே மாதிரி போட்டா அந்தக் கேள்வி எதையும் அளக்கலைன்னு அர்த்தம், குருட்டாம்போக்குல டிக் அடிச்சிருக்காங்க. ஒவ்வொரு பரீட்சை முடிஞ்சதும் இந்த மேல் 15, கீழ் 15 கணக்கை எல்லாக் கேள்விக்கும் போட்டுப் பாருங்க, ஒரு மணி நேர வேலை, எந்தக் கேள்வி நொண்டுதுன்னு அதுவே காட்டிக் குடுத்துரும்.

அப்புறம் 36ம் கேள்வி தமிழ்ல "விவரி"ன்னு இருக்கு, இங்கிலீஷ் மீடியம் வரியில "லிஸ்ட்"னு இருக்கு. தமிழ் மீடியம் பிள்ளை ரெண்டு பக்கம் எழுதி நேரத்தைத் தொலைக்கும், இங்கிலீஷ் மீடியம் பிள்ளை அஞ்சு பாயின்ட் போட்டுட்டு அதே 5 மார்க் வாங்கும். நேரத்தைப் பத்தி இன்னொண்ணு, தாள் போட்டதும் நீங்களே உக்காந்து முழுசா எழுதிப் பாருங்க, உங்களுக்கு ஆன நேரத்தை ரெண்டரை மடங்காக்கினா 3 மணி நேரத்துக்குள்ள வரணும்.

வேதாரண்யத்தை நீங்க தொட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதை ஒரு மார்க்ல வீணாக்கிட்டீங்களேன்னுதான் ஆதங்கம். அதுல எவ்வளவு இருக்கு! 1930 ஏப்ரல் 13 ராஜாஜி தலைமையில தொண்டருங்க உப்பு எடுக்க திருச்சியிலேந்து நடந்தே கிளம்பி 28ம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தாங்க. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டருங்களுக்கு சோறோ தங்க எடமோ குடுத்தா தண்டனைன்னு உத்தரவு போட்டாரு. ஜனங்க மரத்துல சோத்துப் பொட்டலம் கட்டித் தொங்க விட்டாங்கன்னு நம்ம பக்கம் பெரியவங்க இன்னிக்கும் சொல்வாங்க. கலெக்டர் உத்தரவை நாலு வரியில தாள்லயே குடுங்க. குடுத்துட்டு, "இந்த உத்தரவால் நடந்து போனவங்களுக்கு வந்திருக்கக்கூடிய சிக்கல் ரெண்டு, ஊர்க்காரங்க உத்தரவுக்கு அகப்படாம உதவியிருக்கக்கூடிய வழி ரெண்டு, இப்படி ஒரு உத்தரவு போடக் காரணம் ஒண்ணு"ன்னு கேளுங்க. 5 மார்க். கும்பகோணத்துப் பிள்ளையும் கோடியக்கரைப் பிள்ளையும் ஒரே எடத்துலேந்து ஓட ஆரம்பிக்கும். கீ ஆன்சர்ல "பொருத்தமான எந்த விடைக்கும் மார்க்"னு போட்டுட்டு, பொருத்தமானதுன்னா என்னன்னு ஆறேழு உதாரணம் எழுதி நாலு ஸ்கூலுக்கும் குடுத்துருங்க, இல்லைன்னா ஒரு டீச்சர் தாராளமாப் போடுவாங்க, இன்னொருத்தர் கையை இறுக்குவாரு.

பார்வை குறைவான பொண்ணு

இதுல உங்க எண்ணத்தைத் திருத்தியே ஆகணும். "எல்லாருக்கும் ஒரே தாள்தானே நியாயம், ஒருத்தருக்கு மட்டும் மாத்தினா மத்தவங்க கேக்க மாட்டாங்களா"ன்னு எழுதியிருக்கீங்க. இல்லைம்மா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 17, பாடத்திட்டத்துலயும் தேர்வு முறையிலயும் தகுந்த மாற்றம் செய்யணும்னே சொல்லுது, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் அதுல வருது. இது நாம இரக்கப்பட்டுக் குடுக்குறது இல்லை, அந்தப் பொண்ணோட உரிமை. நீங்க குடுத்த மேப் ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸ் எடுத்ததுன்னு நீங்களே சொல்றீங்க, நல்ல கண்ணுக்கே கடற்கரைக் கோடு தெரிஞ்சிருக்காது. அந்தப் பொண்ணுக்கு மேப்புக்குப் பதிலா அதே பாடத்துல எழுதுற மாதிரி ஒரு கேள்வி, பெரிய எழுத்துல அடிச்ச தாள், கூடுதல் நேரம், இதை வச்சு அந்த 8 மார்க்குக்கு மட்டும் திரும்ப எழுத விடுங்க. இந்த வாரமே செய்யுங்க. அந்த அம்மாகிட்ட பப்ளிக் எக்ஸாமுக்கு வேண்டிய மருத்துவச் சான்று வச்சு ஹெச்எம் மூலமா நேரத்தோட விண்ணப்பிக்கச் சொல்லுங்க, கடைசி நேரத்துல ஓடினா வேலைக்கு ஆகாது.

இப்ப மார்க்கை என்ன பண்றது?

எல்லாருக்கும் 10 மார்க் கிரேஸ் வேண்டாம். கேக்க நல்லா இருக்கும், 61 பேர்ல நெறைய பேரு பாஸ் ஆயிடுவாங்க, ஆனா 26 வாங்கின பிள்ளை 36னு பாத்துட்டு நிம்மதியாயிடும், பப்ளிக்ல அந்தப் பத்து யாரும் குடுக்க மாட்டாங்க. திரும்பப் பரீட்சை வைக்கலாம், ஆனா அறுவடை நேரம், திருப்புதல் தேர்வு வேற வருது, பிள்ளைங்களை இன்னொரு 3 மணி நேரம் உக்கார வைக்கிறதுக்கு மனசு வரலை. "அட்டென்ட் பண்ணவங்களுக்கு மட்டும் மார்க்"னு ஒரு வழக்கம் இருக்கு, அதுவும் இங்க சரி வராது, கேள்வி புரியலைன்னு நேர்மையா விட்டுட்டுப் போன பிள்ளை அதுல அடிபடும்.

நான் சொல்றது, 9, 28, 42 மூணையும் எல்லாருக்கும் எடுத்துருங்க. 1, 2, 5, மொத்தம் 8 மார்க் போகும், மீதி 92. அந்த 92க்கு வாங்கினதை மட்டும் எடுத்து 92ஆல வகுத்து 100ஆல பெருக்குங்க. 32 வாங்கின பிள்ளைக்கு 34.78, முழு எண்ணாக்கினா 35. நாலு ஸ்கூல்லயும் ஒரே நாள்ல, ஒரே மாதிரி செய்யணும், காரணத்தையும் பிள்ளைங்ககிட்ட கிளாஸ்லயே சொல்லணும். இதுல உங்க பசங்களுக்கு நஷ்டம் இருக்கு, 42ல அஞ்சுக்கு அஞ்சு வாங்கின பிள்ளைங்க மொகம் வாடும். அதைத் தாங்கிக்கத்தான் வேணும். நீங்க சொல்லிக் குடுத்த வரைபடம் அவங்களுக்கு வீணாப் போகாது, மார்க் மட்டும்தான் போகுது.

மெமோவுக்குப் பயப்படாதீங்க. ஹெச்எம் வாயால சொன்னதுக்குப் பேரு மெமோ இல்லை. அரசு ஊழியர் ஒழுங்கு விதியில சின்ன தண்டனைக்கான 17ஏ ஆனாலும் பெரிய தண்டனைக்கான 17பி ஆனாலும் எழுத்துல வரணும், விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு குடுத்துட்டுத்தான் எதுவும் செய்ய முடியும். அப்படி எழுத்துல வந்தா சங்கத்துப் பெரியவங்க யாரையாவது கலந்துக்காம பதில் எழுதாதீங்க. அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு பக்கத்துல, எந்த மூணு கேள்வி தப்பு, ஏன் தப்பு, மார்க்கை எப்படி சரி செஞ்சோம், அடுத்த தாளை யார் சரிபாப்பாங்கன்னு எழுதி ஹெச்எம் கையில குடுத்துருங்க. தப்பை ஒத்துக்கிட்டா மாட்டிக்குவோமேன்னு தோணும், ஆனா கையில டேலியோட வர்ற டீச்சரை எந்த ஹெச்எம்மும் விட்டுக் குடுக்க மாட்டாரு, புக் பேக் மட்டும்தான்னு போட்ட தடையையும் அப்பதான் தளர்த்துவாரு. பிள்ளைங்க பேரு, மார்க்கு, பேப்பர் போட்டோ எதையும் வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, முக்கியமா அந்தப் பொண்ணோடதை.

கடைசியா அந்தப் பையன். 28ஐ எடுத்துட்டா அவன் சைபரும் கணக்குலேந்து போயிடும், ஆனா பேப்பர்ல சிவப்பு மையில அது இருக்கும். அதை நீங்களே அடிச்சுட்டு பக்கத்துல கையெழுத்துப் போட்டு அவன்கிட்ட குடுங்க. குடுத்துட்டு, வாய்க்கால்ல தண்ணி வராத வருஷம் உங்க வீட்டுல நடவு நேரத்துல என்ன பண்ணுவீங்கன்னு அவனைத் தனியா உக்கார வச்சுக் கேளுங்க. அவன் சொல்றதை எழுதி வச்சுக்குங்க, அடுத்த தாளுக்குக் கேள்வி அதுலேந்தே கிடைக்கும்.